ஃபேன் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகள்

அந்த வருடம் எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் மழை ஓய்வதற்கு முன்பே வந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நாங்கள் நான்கு பேர் குடியிருந்தோம்: அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். எங்கள் சபையின் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்கு ஒரு கேசட் வெளியிடுவதாக இருந்தது. குழுவாகப் பாடுகிற பாட்டுகளை ஸ்டுடியோவில் எடுத்தாயிற்று. ஒரே ஒரு பாட்டு மட்டும் இருவர் பாடுவதாக இருக்கட்டும். விருப்பமுள்ளவர்கள் வீட்டில் பதிவு செய்து டிசம்பர் பிறப்பதற்குள் கொடுக்கலாம். நன்றாக இருப்பதைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று பாடகர் குழுத் தலைவர் ஆராதனை முடிந்ததும் அறிவித்தார். ஆர்கன் வாசிப்பவரின் இரண்டு மகள்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டதை அம்மா பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எங்கள் வீடு போட்டியில் இறங்கியிருந்தது.

அம்மா முதல் குரல். அத்தை கிட்டார் வாசித்தபடி இரண்டாம் குரல். பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. இருவரும் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே பாடினாலும் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். பதிவு செய்வதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. அம்மா தன் தம்பியை வரச்சொன்னாள்.

மாமா எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்து, ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, பொம்மனஹள்ளியில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். அதுவரை அவர் எங்கள் வீட்டுக்கு வருவது ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான். அடுத்த ஞாயிறே இரண்டு பஸ் மாறி, மடியில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். இரண்டு மைக்குகளின் சத்தத்தையும் வேண்டிய அளவில் கலந்து டேப் ரெக்கார்டருக்கு அனுப்பும் பெட்டி அது, அவரே செய்தது. மைக்குகள், கல்யாணங்களுக்கு மைக் செட் போடும் நண்பர் ஒருவரிடமிருந்து வந்தவை. ஒன்றின் கழுத்தில் இன்னும் ஜரிகைத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாமாவைப் பற்றி அப்பாவின் அபிப்பிராயம் சுருக்கமானது: நல்ல பையன், வேலைதான் நிரந்தரமில்லை. நிரந்தர வேலையில் இருந்த வேறொரு பையன் அப்போது அப்பாவின் மனதில் இருந்தான். வேலூரிலிருந்து அத்தைக்கு வந்திருந்த வரன் அது, அரசாங்க உத்தியோகம். பெண் பார்க்க வருவதற்கு அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தோதுப்படும். ஆனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கேசட் பிடித்துக்கொண்டுவிட்டது.

"முன்ரூம்பு பூரா மெத்தையும் போர்வையுமா கெடக்குது. இதுல எங்க உக்கார வெக்கறது அவங்கள? ரெக்கார்டிங் முடியட்டும். முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கெழமையே வரச்சொல்லி எழுதிடறேன்" என்றார் அப்பா.

அத்தை ஏற்கெனவே சுருதி சேர்த்திருந்த கிட்டாரில் ஒரு தந்தியைத் தளர்த்தி, மறுபடி முறுக்கினாள்.

மெத்தைகளும் போர்வைகளும் மாமாவின் ஏற்பாடு. ஜன்னல்களுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, நடுவில் நைலான் கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, கதவிடுக்கில் அப்பாவின் தலையணையைச் செருகினார். பிறகு ஃபேனை அணைத்தார். அதன் சத்தம் டேப்பில் மழை பெய்வதுபோல விழுமாம். பெங்களூரில் அந்த மாதங்களில் ஃபேன் தேவைப்படாது என்பது உண்மைதான். ஆனால் அப்பா அதைக் காற்றுக்காகப் போடுவதில்லை. வாரம் முழுவதும் தொழிற்சாலை இரைச்சலில் இருந்தவருக்கு, தலைக்குமேல் ஏதாவது ஒன்று இரைந்துகொண்டிருந்தால்தான் ஞாயிறு மதியத் தூக்கம் வரும். வீட்டில் ஒரே ஃபேன், அது முன்னறையில்தான். அப்பா உள்ளறைக்கு நாடுகடத்தப்பட்டார்.

எனக்கும் ஒரு பொறுப்பு கிடைத்தது. டேப் ரெக்கார்டரின் முன்னால் உட்கார்ந்து, மாமா விரலை அசைத்ததும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். பிறகு, கண்ணாடிக்குள் ஆடும் இரண்டு முட்கள் சிவப்புக் கோட்டைத் தாண்டுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பள்ளியில் கரும்பலகையைக் கோடு விலகாமல் துடைக்கும் பெண் என்று பெயர் எடுத்திருந்த எனக்கு இது பொருத்தமான பதவி என்றே தோன்றியது.

"ஸ்டுடியோல ஒவ்வொருத்தரையும் தனித்தனியா எடுத்து அப்புறமா சேப்பாங்க. நம்மகிட்ட அந்த வசதி இல்ல. பாடும்போதே கலந்துடும். ஒரு வாட்டி கலந்துட்டா அப்புறம் பிரிக்க முடியாது" என்று மாமா எனக்கு விளக்கினார். விளக்கம் எனக்கு, பார்வை கிட்டார் பக்கம். நான் அதை ஒரு தொழில்நுட்ப விதியாக மனதில் வாங்கிக்கொண்டேன்.

அவர் அத்தையை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கிட்டாரிடமே பேசிவந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். "கிட்டார் கொஞ்சம் முன்னாடி வரட்டும்." "கிட்டாருக்குத் தாகமா இருந்தா தண்ணி குடிச்சிட்டு வரட்டும்." அத்தையும் நேராகப் பதில் சொல்லமாட்டாள். "உங்க மாமாகிட்ட சொல்லு, கிட்டாருக்குக் காது நல்லாத்தான் கேக்குது, கத்த வேணாம்னு" என்று என்னிடம் சொல்வாள். ஓர் எட்டு தூரத்தில் இருந்த மாமாவிடம் நான் அதை அப்படியே சொல்வேன். செய்தி ஒரு வார்த்தையும் குறையாமல் போய்ச்சேரும்.

அம்மாவின் குரல்தான் முதல் தொல்லை. பெரிய கோயிலின் கடைசி பெஞ்சு வரைக்கும் மைக் இல்லாமல் கேட்டுப் பழகிய குரல் அது. அவள் வாயைத் திறந்ததும் முட்கள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டன. பெட்டியில் அம்மாவின் மைக்குக்கான திருகைக் குறைத்தாலும் பயனில்லை. அத்தையின் மைக்கும் அம்மாவையே கேட்டுக்கொண்டிருந்தது. எனவே அம்மாவின் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்கள். சிவப்புத் தரையில் நாற்காலிக் கால்களைச் சுற்றி நான் சாக்பீஸால் வட்டம் போட, அடுத்த ஒத்திகையில் அதை அழித்து இன்னும் பின்னால் போட, இப்படியே அம்மா சமையலறை வாசற்படி வரைக்கும் போய்விட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு அடி, அக்கா" என்றார் மாமா.

"இன்னும் ஒரு அடி போனா அடுப்பு மேலதான்டா உக்காரணும். எங்கூட்லயே என்னை வெளிய அனுப்பறியா நீ?"

அத்தை சிரித்ததில் அவள் பக்கத்து முள் ஒரு துள்ளு துள்ளியது. அன்று மாமா அந்த முள்ளை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வாரங்களில் பாட்டைக் கெடுத்தவை எல்லாம் நியாயமான காரணங்கள். நல்ல இடத்தில் "பேப்பர், ஹளே பேப்பர்" என்று பழைய பேப்பர்க்காரர் சேர்ந்து பாடினார். கீழ்வீட்டுக் கன்னட ஆன்ட்டியின் குக்கர் விசிலடித்தது. நான் படியிறங்கி ஓடி, "ஆன்ட்டி, குக்கர் ஸ்வல்ப ஆமேலே இடி" என்று, கொஞ்சம் கழித்து வைக்கும்படி கேட்டேன். "அய்யோ புட்டி, ஆயித்து, ஆரிஸ்தீனி" என்று அவர் உடனே அடுப்பை அணைத்தார். அணைத்துவிட்டு, என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் படியேறி வந்தார். அவருடைய கொலுசு முழுதாகப் பதிவானது. இன்னொரு வாரம் கடைசிச் சரணத்தில் மின்சாரம் போனது. திரும்பி வந்தபின் போட்டுக் கேட்டால், அம்மாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, ஆண்குரலாகி, ஒரு மாடு உட்காருவதுபோல முடிந்தது. அந்த டேப்பை அழிக்கக் கூடாது என்று அப்பா வேண்டிக்கொண்டார்.

அப்பா சிரித்தது ஒரு வாரம்தான். அதற்கடுத்த ஞாயிறு எந்த இடைஞ்சலும் இல்லாமல் பாட்டு முடிந்தது. மாமா ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, நெற்றியைச் சுருக்கி, அதை அப்பாவிடம் நீட்டினார். பாட்டுக்கு அடியில், தாளத்தோடு ஏறக்குறைய ஒத்து, ஒரு குறட்டை ஓடிக்கொண்டிருந்தது.

"இது வாட்டர் லாரி" என்றார் அப்பா.

"வாட்டர் லாரி எப்ப மாடியேறுச்சு?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு பதிவு நேரத்தில் அப்பா உள்ளறையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. காரணமில்லாமல் விழித்திருப்பது அவருக்குப் பழக்கமில்லை. கதவிடுக்குத் தலையணைக்கு மேலாக அவ்வப்போது ஒரு கண் தெரியும். "வேலூர்க்காரங்க ரெண்டாவது லெட்டர் போட்டுட்டாங்க. ஒரு பாட்டுக்கு எத்தினி ஞாயித்துக்கெழமடா?"

"பர்ஃபெக்டா வரணும் மச்சான்" என்பார் மாமா.

இந்த இடத்திலிருந்துதான் விஷயம் எனக்குப் புரியாமல் போக ஆரம்பித்தது. நான் கவனமாகக் கேட்கிற பெண். அடுத்த ஞாயிறு எடுத்ததில் பேப்பர்க்காரர் இல்லை, குக்கர் இல்லை, அப்பா இல்லை. மாமா ஹெட்போனில் கேட்டுவிட்டு, "லேசா ஒரு இரைச்சல் வருது" என்றார். நானும் கேட்டேன், ஓர் இரைச்சலும் வரவில்லை. டிப்ளமோ படித்தவர்களின் காது வேறு என்று எண்ணிக்கொண்டேன். அதற்கடுத்த முறை, "வயர்ல எங்கயோ லூஸ் கனெக்ஷன்" என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். அத்தை பிடித்துக்கொண்டாள். ஒருவர் வயரின் ஒரு முனையையும் மற்றவர் மறுமுனையையும் பிடித்திருக்க, சோதனை வெகுநேரம் நடந்தது. நான் முட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; அவை அசையவே இல்லை. அதைச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாமாவிடம் காரணங்கள் தீர்ந்துபோன வாரத்திலிருந்து அம்மா தவறிப் பாட ஆரம்பித்தாள்.

என்னால் நம்ப முடியவில்லை. ஒரு ஞாயிறு இரண்டாம் சரணத்தை முதலில் பாடினாள். மறு ஞாயிறு எல்லாம் சரியாக வந்து, கடைசி வரியின் கடைசிச் சொல்லில் இருமினாள். இருமல் வருகிற முகமே இல்லை. "அய்யோ, போச்சே! சரி விடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அவளே சொல்லிவிட்டு, தம்பிக்குக் காப்பி போடப் போனாள். சுத்தமாகப் பாடியும் வாராவாரம் வீணாகிறதே என்று அத்தைக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அத்தை மிகுந்த பொறுமைசாலியாக இருந்தாள்.

நான் அப்பாவிடம் முறையிட்டேன். "உங்கம்மாவா தப்பாப் பாடறா?" என்று அப்பா ஆச்சரியப்பட்டார். "சண்டை போடும்போதுகூட சுருதி விலகாதே அவளுக்கு!" சற்று நேரம் யோசித்துவிட்டு, "வயசாகுது போல" என்று முடித்தார். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். என்றாலும் சமையலறையில் ஒரு பாத்திரம் சத்தமாக வைக்கப்பட்டது.

நவம்பரின் கடைசி ஞாயிறு வந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு. அன்று மாலை ஆராதனையில் டேப்பைக் கொடுக்காவிட்டால் ஆர்கன்காரரின் மகள்கள் உள்ளே போய்விடுவார்கள். நான் அந்த வாரம் முழுவதும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஒத்திகையில் அம்மா ஒருமுறைகூடத் தவறியதில்லை. பதிவில்தான் தவறுகிறாள். ஆக, பொத்தானை அழுத்தும் சத்தம் அவளைப் பயமுறுத்துகிறது. ஆக, பதிவு ஒத்திகையாக இருந்துவிட்டால் தவறு வராது. இந்தத் தர்க்கத்தில் இன்றுவரைக்கும் எனக்கு ஓட்டை எதுவும் தென்படவில்லை.

மெத்தைகள் ஏறின. போர்வைகள் தொங்கின. அம்மா வாசற்படியில் அமர்ந்தாள். "ஒருவாட்டி சும்மா பாடிப் பாக்கலாங்க்கா" என்று மாமா பெட்டியின் திருகுகளைச் சரிசெய்தார். அவர் குனிந்தபோது, சத்தம் கேட்காதபடி பொத்தான்களின் மேல் ஒரு போர்வை முனையை மடித்துப் போட்டு மெதுவாக அழுத்தினேன்.

அப்படி அவர்கள் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. அம்மாவின் குரல் சமையலறையிலிருந்து புகை போல எழுந்து வந்தது. அத்தையின் குரல் அதற்கடியில் கையேந்தி நின்றது. கிட்டாரின் கடைசித் தந்தி அடங்கும்வரை மாமா திருகில் வைத்த விரலை எடுக்கவில்லை. தெருவில்கூட யாரும் வாய் திறக்கவில்லை. நான் பொத்தானை விடுவித்தேன்.

"சரி, இப்ப டேக் எடுக்கலாமா?" என்றார் மாமா.

"வேணாம் மாமா. எடுத்துட்டேன்" என்றேன்.

டேப்பைப் பின்னோக்கி ஓட்டிப் போட்டுக் காட்டினேன். முழுப் பாட்டும் இருந்தது. இரைச்சல் இல்லை, இருமல் இல்லை. முடிந்ததும் மூவர் முகத்தையும் பார்த்தேன். பாராட்டுக்காகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றதாக ஞாபகம்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அத்தை கிட்டாரை உறையில் போட்டு, ஜிப்பைப் பாதி இழுத்தவள் அப்படியே விட்டுவிட்டாள். மாமா ஹெட்போனை மாட்டி, குற்றம் கண்டுபிடிக்கும் ஆசையோடு மறுபடி கேட்டார். பிறகு கழற்றி, "நல்லாத்தான் வந்திருக்கு" என்றார், சர்க்கரை வியாதி உறுதி என்று சொல்லும் டாக்டரைப்போல.

உள்ளறைக் கதவைத் தலையணையோடு தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான். "முடிஞ்சிடுச்சா? அப்பாடா! எங்கண்ணு! போடு அந்த ஃபேன." பாய் விரிக்கும் முன்பே அம்மாவிடம் சொன்னார்: "நாளைக்கே வேலூருக்கு எழுதிடறேன். வர ஞாயித்துக்கெழமைக்கு அடுத்தது வரட்டும்."

மாமாவுக்கு மூட்டை கட்ட நான் உதவினேன். அவர் வயர்களை மெதுவாகச் சுருட்டினார். நான் வேகமாகச் சுருட்டினேன். எதையும் விட்டுவிடாதபடி தரையெல்லாம் பார்த்து, எல்லாவற்றையும் பையில் அடுக்கிக் கொடுத்தேன். அவர் படியிறங்கியதும் அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "பொத்தான்ல கைய வெக்கச் சொல்லி யாருடி சொன்னது உனக்கு?" அதுதானே இரண்டு மாதமாக எனக்குக் கொடுத்திருந்த வேலை என்று கேட்க நினைத்தேன். குட்டு வாங்கிய தலைக்கு அது தாமதமாகத்தான் தோன்றியது.

எங்கள் பாட்டு கேசட்டில் சேர்ந்தது. ஆர்கன்காரரின் மகள்கள் கைகொடுத்து வாழ்த்தினார்கள். இரண்டு மாத காலம் ஆசைப்பட்டுக் காத்திருந்த அம்மா, அதைச் சாதாரணமாக வாங்கிக்கொண்டாள்.

பதிவு முடிந்த அடுத்த ஞாயிறு மதியம் அப்பா முன்னறையில் ஃபேனுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். கையில் பெட்டி இல்லை. சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"மைக்கோட பின் ஒண்ணு இங்க விட்டுட்டேன்னு நெனைக்கறேன்க்கா" என்றார்.

"இல்ல மாமா" என்றேன் நான். "நானே பாத்துப் பாத்து வெச்சேன். ஒண்ணும் விடல."

மாமா என்னைப் பார்த்த பார்வையில் அன்பு குறைவாக இருந்தது. அம்மா என்னை முறைத்தாள். உள்ளறையிலிருந்து அத்தையின் குரல், முதல்முறையாக யாரிடமும் சேதி சொல்லி அனுப்பாமல், நேராக வந்தது: "கட்டிலுக்கு அடியில உருண்டு போயிருக்கும். வந்து தேடிப் பாருங்க."

மாமா உள்ளே போனார். தேடுவது என்றால் என்னை விட்டு எப்படி? டார்ச்சை எடுத்துக்கொண்டு நானும் போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்தேன். அங்கே டிரங்குப் பெட்டி, செய்தித்தாள் கட்டு, போர்வை மூட்டை. ஒன்றை இழுத்தால்தான் அடுத்ததற்குப் பின்னால் பார்க்க முடியும். நான் முறையாக மூலையிலிருந்து ஆரம்பித்தேன்.

அங்கிருந்து அவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. மாமாவின் சாக்ஸிலிருந்து ஒரு பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அத்தையின் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. இரண்டு ஜோடிக் கால்களும் தேடுகிறவர்களுடைய கால்களைப்போல நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றன. மேலே ஏதோ பேச்சு நடந்தது. டிரங்குப் பெட்டியை இழுத்த சத்தத்தில், எல்லாவற்றையும் கேட்டுவிடுகிற எனக்கு அது மட்டும் கேட்கவில்லை.

"இங்க இல்ல!" என்று கத்தினேன்.

"நல்லா தேடும்மா" என்றார் மாமா. குரல் கொஞ்சம் நடுங்கியது. முக்கியமான பின் போலிருக்கிறது என்று இன்னும் உள்ளே தவழ்ந்தேன்.

அத்தையின் கால்கள் திரும்பி நேராக முன்னறைக்கு நடந்தன. "அண்ணா, எழுந்திருங்க. ஒரு விஷயம் பேசணும்" என்று கேட்டது. பின்னாலேயே மாமாவின் கால்கள், வழியில் அம்மாவின் கால்கள். நான் மட்டும் வேலையைப் பாதியில் விடவில்லை. செய்தித்தாள் கட்டை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டினேன்.

தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தபோது அப்பா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மாமா பரீட்சை எழுதுகிறவர்போல எதிரில் நின்றார். அத்தை தலைகுனியாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கையில் காப்பி.

"ஜனவரில பர்மனென்ட் ஆயிடும் மச்சான்" என்றார் மாமா.

அப்பா தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "கேக்கறதுக்கு வாயில்லாம ரெண்டு மாசமா என் தூக்கத்தக் கெடுத்தியாடா?" என்றார். அம்மா பக்கம் திரும்பி, "இன்னா பாக்கற? வேலூருக்கு நான் இன்னொரு லெட்டர் எழுதணும். பேனா எங்க?" என்றார்.

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. மாமா வந்ததும் வாசலிலேயே பின்னைப் பற்றி வாய்விட்டுக் கேட்டாரே, நான் சாட்சி.

"மாமா, பின் இல்ல. மூலைமூலையாத் தேடிட்டேன்" என்றேன்.

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அம்மா கையிலிருந்த காப்பியை மாமாவிடம் கொடுத்தாள். மாமா அதை வாங்கி அத்தையிடம் நீட்டினார். அத்தை சிரித்தாள். மாமாவும் சிரித்தார். கடைசியில், பேனாவைத் தேடிக்கொண்டே, அப்பாவும் சிரித்துவிட்டார். ஒரு பொருள் தொலைந்துபோன வீட்டில் அத்தனை பேர் சிரித்து நான் பார்த்ததில்லை. இந்தப் பெரியவர்களுக்குப் பொறுப்பு என்பதே கிடையாது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை, பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால், கட்டிலுக்கு அடியில் இன்னொரு முறை பார்த்தேன்.